ஓட்டத்தில் நின்ற பழைய டீசல் ஜீப்: காரணத்தைக் கண்டறியும் முறை

பழைய மகேந்திரா ஜீப்போ டொயோட்டா லேண்ட் குரூசரோ, கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஓட்டத்தில் திடீரென நின்றால், பெரும்பாலானோர் முதலில் செய்வது மீண்டும் மீண்டும் செல்ஃப் அடிப்பதுதான். டீசல் வராததுதான் காரணம் என்றால் இதனால் பேட்டரி மட்டுமே இறங்கும். ஆனால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தாலோ, ஆயில் இல்லாமல் பிஸ்டன் பிடித்திருந்தாலோ, காப்பாற்றக்கூடிய இன்ஜினை அந்தச் சில நொடிகளே பாழாக்கிவிடும். ஆகவே சாவியைத் தொடுவதற்கு முன், வண்டி எப்படி நின்றது என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

சாவியை அணைத்ததுபோல் சட்டென அடங்கியிருந்தால், டீசலை அழுத்தி அனுப்பும் பம்பில் உள்ள ஸ்டாப் சொலினாய்டுக்கு (மின்சாரம் இருக்கும்வரை டீசல் வழியைத் திறந்து வைக்கும் வால்வு) மின்சாரம் நின்றிருக்கலாம், அல்லது வால்வுகளை இயக்கும் கேமைச் சுழற்றும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இழுவை குறைந்து, திணறி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் பலனின்றி நின்றிருந்தால், டீசல் வரும் வழியில் அடைப்போ காற்றோ இருக்கிறது. டெம்பரேச்சர் முள் ஏறி, இன்ஜின் இறுகிக்கொண்டே வந்து நின்றிருந்தால் சூட்டில் பிடித்திருக்கிறது. ஓடையைக் கடக்கும்போது நின்றிருந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை தண்ணீர் புகுந்ததாகவே கருத வேண்டும். சூடாக ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றதற்கு ஹீட்டர் பிளக்கைக் குறை சொல்வதில் பொருளில்லை. அதன் வேலை குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புவதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

மலைப்பாதையில் நின்றிருந்தால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரங்களுக்குக் கல் வைக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோது, பிரேக்கை மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது என்பதால், இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு பெடல் கல்போல் இறுகிவிடும்.

அடுத்து பேனட்டைத் திறந்து டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த காபியின் நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட்டோ (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) அதன் அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடோ போயிருக்க வாய்ப்புண்டு. ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாது. சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம். ஆயிலும் தண்ணீரும் சரியாக இருந்தால், கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் பெரிய சாக்கெட் போட்டு, இன்ஜின் வழக்கமாகச் சுழலும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்ப வேண்டும். கம்ப்ரஷனின் (சிலிண்டரில் காற்று அழுத்தப்படுவதன்) எதிர்ப்பு ஏறி இறங்குவது கையில் தெரிந்தால் நல்லது. ஓரிடத்தில் முற்றிலும் முட்டி நின்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தண்ணீரில் நின்ற வண்டி என்றால், ஏர் கிளீனர் நனைந்திருக்கிறதா என்று பார்த்து, நாசில்களையோ (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிப்பவை) ஹீட்டர் பிளக்குகளையோ கழற்றிய பிறகே செல்ஃப் அடித்துத் தண்ணீரை வெளியேற்றலாம். அந்த நிலையில் வண்டியைத் தள்ளிக் கிளப்ப முயன்றால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைவது ஏறக்குறைய உறுதி.

இன்ஜின் தாராளமாகச் சுற்றினால் இப்போது செல்ஃப் அடித்து, ஒருவர் சைலன்சரைக் கவனிக்கட்டும். வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, ஆனால் எரியவில்லை. கம்ப்ரஷனையோ டைமிங்கையோ சந்தேகிக்க வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. வழியில் நின்ற பழைய வண்டிகளில் நான் அதிகம் சந்தேகிப்பது இதைத்தான்.

பம்பில் சொலினாய்டு இருந்தால் அங்கிருந்து தொடங்குவது எளிது. சாவியை ஆன் செய்யும்போது பம்பின் பக்கத்தில் ‘டிக்’ என்ற ஒலி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதன் ஒயரில் டெஸ்ட் லேம்ப் எரிகிறதா என்று பார்க்கலாம். எரியாவிட்டால், பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து சொலினாய்டுக்கு நேராக ஒரு ஒயர் கொடுத்து வீடு வந்து சேரலாம். இன்ஜினை அணைக்க அந்த ஒயரைக் கழற்ற வேண்டியிருக்கும். ஸ்டாப் கேபிள் உள்ள வண்டியில் கேபிள் இழுபட்ட நிலையிலேயே சிக்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பிறகு டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். காற்று ‘உஸ்’ஸென்று உள்ளே இழுபட்டால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் குறைவாக இருந்து வண்டி செங்குத்தான ஏற்றத்தில் நின்றிருந்தால், டேங்கின் உறிஞ்சுகுழாய் டீசலுக்கு மேலே நின்று காற்றை இழுத்திருக்கும். ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் வரையுள்ள ஹோஸில் ஓட்டை விழுந்தால், ஓட்டத்தில் டீசல் வெளியே கசியாமல் காற்று உள்ளே இழுபடும். அதனால் ஈரம் எங்கே என்று தேடி ஏமாறுவோர் பலர். பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் ஹோஸைச் செருகிப் பார்த்தால் குமிழிகளே காட்டிக்கொடுத்துவிடும்.

காற்றை எடுக்க, ஃபில்டரின் தலையில் உள்ள ப்ளீட் திருகைத் தளர்த்தி ஹேண்ட் பிரைமரை (கையால் டீசலை ஏற்றும் சிறு பம்ப்) அடிக்க வேண்டும். முதலில் நுரையாகக் கொப்பளித்து வரும் டீசல், பிறகு குமிழியின்றித் தெளிவாக வழியும். வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும். அதன் பிறகும் கிளம்பாவிட்டால் இரண்டு நாசில்களில் டீசல் குழாயை இணைக்கும் யூனியன் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, டீசல் தெறிக்கும்வரை செல்ஃப் அடித்து இறுக்கலாம். 100 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும் என்பதால் அருகில் கையையோ முகத்தையோ கொண்டுபோகக் கூடாது.

செல்ஃப் அடிக்கும்போது ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராக, வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால், டைமிங் பெல்ட் போயிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, ஒருவர் செல்ஃப் அடிக்க உள்ளே நோக்கும்போது, வால்வுகளை இயக்கும் ராக்கரோ கேமோ அசையாமல் இருந்தால் அது உறுதி. மேலும் சுற்றாமல் விட்டுவிட வேண்டும். லேண்ட் குரூசரின் 1எச்இசட், மிட்சுபிஷியின் 4டி56 ஆகியவை பெல்ட் உள்ளவை. பழைய மகேந்திராக்களின் பியூஜோ இன்ஜினில் செயின் இருப்பதால் இந்தச் சந்தேகத்தைக் கடைசியில் வைக்கலாம்.

கட்டி இழுக்க நேர்ந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸை (இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) நியூட்ரலில் வைத்து, முன்சக்கரத்தில் அதை அச்சோடு பூட்டும் லாக்கிங் ஹப் இருந்தால் அதை விடுவித்து, பூஸ்டர் உதவி இல்லை என்பதை இழுக்கும் வண்டிக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.