செனட் தேர்தலில் நாம் கணக்கைக் கோட்டைவிடும் இடங்கள்

அமெரிக்காவில் டிரம்ப் மீது மக்களுக்கு அதிருப்தி என்று ஒரு கருத்துக்கணிப்பு வந்துவிட்டால் போதும், "அப்போ நவம்பரில் நாடாளுமன்ற மேலவையான செனட் அவருடைய குடியரசுக் கட்சியிடமிருந்து ஜனநாயகக் கட்சிக்குக் கைமாறிவிடும்" என்று கிளம்பிவிடுகிறோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். 2020இல் மெய்ன் மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸ் தோற்பார் என்று நண்பனிடம் பிரியாணிப் பந்தயம் கட்டினேன், வாங்கியும் கொடுத்தேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதல் தவறு, நாடு முழுவதும் அடிக்கும் காற்றைப் பார்த்து செனட்டைக் கணிப்பது. 2026 நவம்பர் 3 அன்று பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் தேர்தல், ஆனால் செனட்டில் 35 இடங்களுக்குத்தான். முறைப்படி வருவது 33, அதோடு வான்ஸ் துணை அதிபரானதால் காலியான ஓஹாயோவும் ரூபியோ வெளியுறவு அமைச்சரானதால் காலியான புளோரிடாவும். நாம் எப்போதும் பேசுகிற பென்சில்வேனியா, அரிசோனா, விஸ்கான்சின், நெவாடா எதிலும் இந்த முறை செனட் தேர்தலே இல்லை. கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் கூட இல்லை, அங்கே இருப்பவர்கள் எவ்வளவு கொதித்தாலும் செனட்டில் ஒரு நாற்காலி நகராது. 2018ஐ நினைத்துப் பாருங்கள்: அதே டிரம்ப், அதிபர் பதவிக்காலத்தின் நடுவே வரும் அதே இடைக்காலத் தேர்தல் கோபம், பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சிக்கு 40 இடங்கள் கூடின, செனட்டிலோ குடியரசுக் கட்சிக்கு 2 இடம் கூடியது. காரணம் எளிது. அந்த ஆண்டு டிரம்ப் ஜெயித்திருந்த மாநிலங்களில் 10 ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் தங்கள் இடத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, வடக்கு டகோட்டா, மிசௌரி, இண்டியானா, புளோரிடா நான்கும் போயின.

சரி, இந்த முறை வரைபடம் எப்படி? தேர்தலுக்கு வரும் 35 இடங்களில் 22 குடியரசுக் கட்சியுடையவை, 13தான் ஜனநாயகக் கட்சியுடையவை. "அவர்கள்தானே அதிகம் காப்பாற்றணும், அப்போ அவர்களுக்குத்தானே கஷ்டம்" என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. அந்த 22இல் பெரும்பாலானவை எந்தப் புயலிலும் அசையாத இடங்கள். செனட்டின் பலம் குடியரசுக் கட்சிக்கு 53, ஜனநாயகத் தரப்புக்கு 47. ஜனநாயகக் கட்சிக்கு மூன்று இடம் கூடினால் 50-50, சமநிலையில் வாக்களிப்பது துணை அதிபர், அதாவது வான்ஸ். 2021இல் 50 இடத்தோடு ஜனநாயகக் கட்சி அவையை நடத்த முடிந்தது கமலா ஹாரிஸ் அந்த நாற்காலியில் இருந்ததால்தான், அவர் மொத்தம் 33 முறை அப்படி வாக்களித்தார். எனவே இப்போது தேவை நான்கு இடம், அதுவும் கையில் இருப்பது ஒன்றுகூடப் போகாமல். போகக்கூடிய இடங்களும் இருக்கின்றன: ஜார்ஜியாவில் ஜான் ஆசாஃப், கேரி பீட்டர்ஸ் ஓய்வு பெறுகிற மிச்சிகன், ஜீன் ஷஹீன் விலகுகிற நியூ ஹாம்ப்ஷயர். மிச்சிகனில் நிற்கும் குடியரசுக் கட்சியின் மைக் ராஜர்ஸ் 2024இல் அங்கேயே அரை சதவீதப் புள்ளிகூட இல்லாத வித்தியாசத்தில் தோற்றவர்.

பிடிக்க வேண்டிய நான்கில் இரண்டுக்கு வழி தெரிகிறது. ஒன்று வட கரோலினா, அங்கே குடியரசுக் கட்சி செனட்டர் தாம் டில்லிஸ் மறுபடி நிற்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். இன்னொன்று மெய்ன், 2024 அதிபர் தேர்தலில் ஹாரிஸ் வென்ற மாநிலம். மிச்ச இரண்டை ஓஹாயோ, அயோவா, டெக்சாஸ், அலாஸ்கா போன்ற இடங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும், அந்த நான்கிலுமே 2024இல் டிரம்ப் 11 புள்ளி அல்லது அதற்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறார். ஜனநாயகக் கட்சியின் ஷெராட் பிரவுன் ஓஹாயோவில் எவ்வளவு பிரபலமானவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தும் 2024இல் அவர் டிரம்பின் 11 புள்ளியை 4 புள்ளிக்குள் இழுத்து வந்து, அந்த நாலில்தான் தோற்றார். இப்போது மறுபடி நிற்கிறார். இந்த முறை வாக்குச்சீட்டில் டிரம்ப் பெயர் இல்லை என்பதுதான் அவருடைய நம்பிக்கையே.

அடுத்தது, செல்வாக்குள்ள ஆளுநரை நிறுத்தினால் வேலை முடிந்தது என்று நினைப்பது. டென்னசியில் இரண்டு முறை ஆளுநராக இருந்த ஃபில் பிரெடிசன் 2018இலும், மொன்டானா ஆளுநர் ஸ்டீவ் புல்லக் 2020இலும், மேரிலாந்தில் குடியரசுக் கட்சியின் லாரி ஹோகன் 2024இலும் நின்றார்கள். மூவருமே சுமார் 10 புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் தோற்றார்கள். ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும்போது மக்கள் ஆளைப் பார்க்கிறார்கள், செனட் என்று வந்தால் "இவர் போனால் எந்தக் கட்சி பெரும்பான்மை?" என்று பார்க்கிறார்கள். அப்படியானால் வட கரோலினாவில் ஜனநாயகக் கட்சி நிறுத்தும் முன்னாள் ஆளுநர் ராய் கூப்பருக்கும் இதே கதிதானா என்றால், அதுவும் அவசரம். மேலே சொன்ன மூன்றும் ஒரு பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்த மாநிலங்கள், வட கரோலினாவில் டிரம்பின் வித்தியாசம் 3 புள்ளிதான். ஆனால் அங்கே ஜனநாயகக் கட்சி கடைசியாக செனட் இடம் ஜெயித்தது 2008இல் என்பதையும் மறக்கக் கூடாது. ஜார்ஜியாவில் இதே கதை மறுபக்கம் நடந்தது: ஆளுநர் பிரையன் கெம்ப்பை நிறுத்த குடியரசுக் கட்சி ஆசைப்பட்டது, அவர் 2025 மே மாதமே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆசாஃப் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

வேட்பாளர் யார் என்பது முக்கியமே இல்லை, எல்லாம் கட்சிதான் என்று எதிர்ப்பக்கம் சாய்பவர்களும் உண்டு. 2022இல் ஜார்ஜியாவில் அதே நாளில், அதே வாக்காளர்கள், கெம்ப்பை 7 புள்ளிக்கு மேல் ஜெயிக்க வைத்துவிட்டு, அவர் கட்சியின் செனட் வேட்பாளர் ஹெர்ஷல் வாக்கரைப் பின்தங்க வைத்தார்கள். இந்த வித்தியாசம் பிறக்கும் இடம் பிரைமரி என்கிற உட்கட்சித் தேர்தல். அதில் வாக்களிப்பவர்கள் கட்சியின் தீவிர ஆதரவாளர்கள், அவர்களுக்குப் பிடித்தவர் நவம்பரில் மற்றவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. டெக்சாஸில் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் கார்னினை எதிர்த்து அவர் கட்சிக்காரரே கென் பாக்ஸ்டன் இறங்கியபோது கட்சித் தலைமை பதறியது இதனால்தான்.

இதில் ஒரு விஷமமான உத்தியும் இருக்கிறது. 2012இல் மிசௌரியில் ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்கேஸ்கில் தன் பிரச்சாரப் பணத்தையே செலவழித்து எதிர்க்கட்சியின் டாட் அகினை "அளவுக்கு மீறிய பழமைவாதி" என்று விளம்பரம் செய்தார். திட்டுவது போலத் தெரியும், ஆனால் பிரைமரி வாக்காளர் காதுக்கு அது பாராட்டு. அகின் ஜெயித்தார், பிறகு வாயைவிட்டு மாட்டிக்கொண்டு நவம்பரில் 15 புள்ளிக்கு மேல் தோற்றார். 2022இல் நியூ ஹாம்ப்ஷயரிலும் ஜனநாயகக் கட்சி சார்புக் குழு, குடியரசுக் கட்சியின் மிதவாதியைத் தாக்கி விளம்பரம் போட்டு டான் போல்டக் முன்னே வர உதவியது, அதுவும் பலித்தது. எனக்கென்னவோ இது நெருப்போடு விளையாட்டாகத்தான் படுகிறது. பலவீனமானவர் என்று நாம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஆள் ஜெயித்துவிட்டால் ஆறு வருஷம் அவர் செனட்டர்.

பணம். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "இவருக்கு இவ்வளவு நிதி குவிகிறது, அலை வீசுகிறது" என்று செய்தி வரும். 2020இல் தென் கரோலினாவின் ஜேமி ஹாரிசனுக்கு ஒரே காலாண்டில் 57 மில்லியன் டாலர் வந்தது, லிண்ட்சே கிரகாமிடம் 10 புள்ளியில் தோற்றார். கென்டகியில் ஏமி மெக்ராத் 90 மில்லியனுக்கு மேல் திரட்டி மிட்ச் மெக்கானலிடம் ஏறக்குறைய 20 புள்ளியில் தோற்றார். அந்தப் பணம் அந்த மாநிலத்துக்காரர்களின் ஆதரவைக் காட்டவில்லை, நாடெங்கும் கிரகாமையும் மெக்கானலையும் பிடிக்காதவர்களின் கோபத்தைக் காட்டியது. கோபப்பட்டவர்கள் கடன் அட்டையோடு இருந்தார்கள், ஆனால் வாக்குரிமை வேறு மாநிலத்தில்.

அதே சமயம் எல்லா டாலரும் ஒன்றல்ல. பொதுத் தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களில் தொலைக்காட்சி நிலையங்கள் வேட்பாளருக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் விளம்பர நேரம் தர வேண்டும் என்பது சட்டம். சூப்பர் பேக் எனப்படும் வெளிக்குழுக்களுக்கு அந்தச் சலுகை இல்லை, சந்தை விலைதான். எனவே ஒரு பக்கம் வேட்பாளர் கணக்கில் 20 மில்லியன், இன்னொரு பக்கம் வெளிக்குழுவிடம் 20 மில்லியன் என்றால் அது சமம் இல்லை, முதலாமவரின் விளம்பரம் அதிக தடவை ஓடும்.

இப்போது என் பிரியாணிக் கதை. 2020இல் மெய்னில் காலின்ஸை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் சாரா கிடியன்தான் கணிப்பு மேல் கணிப்பாக முன்னிலையில் இருந்தார். பணமும் குவிந்தது, தோற்றபோது அவர் கணக்கில் கிட்டத்தட்ட 15 மில்லியன் டாலர் மிச்சமே இருந்தது. அதே மாநிலத்தில் பைடன் 9 புள்ளியில் ஜெயித்தார், காலின்ஸும் 8 புள்ளிக்கு மேல் ஜெயித்தார். நான் செய்த தவறு கணிப்பை நம்பியது மட்டுமல்ல, பைடனுக்குப் போடுகிறவர் காலின்ஸுக்கும் போடுவார் என்பதை நினைத்தே பார்க்காதது. அதற்காக "கணிப்பே பொய், எப்போதும் குடியரசுக் கட்சிக்கு நாலு புள்ளி கூட்டிக்கோ" என்பதும் தப்பு. 2022இல் பென்சில்வேனியாவில் கடைசி நேரச் சராசரிகள் சில குடியரசுக் கட்சியின் மெஹ்மத் ஓஸ் லேசாக முந்துவதாகக் காட்டின, ஜெயித்தது ஜனநாயகக் கட்சியின் ஜான் ஃபெட்டர்மேன், வித்தியாசம் சுமார் 5 புள்ளி. எந்தப் பக்கம் சறுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்தால் கணிப்பு எடுப்பவர்களே திருத்தியிருப்பார்கள்.

சின்னச் சின்னதாகச் சில. டெக்சாஸ் தொகுதிகளை மாற்றி வரைந்ததும், பதிலுக்குக் கலிபோர்னியா 2025 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி மாற்றியதும் பிரதிநிதிகள் சபை விவகாரம், செனட்டுக்கு மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, வரைந்து விளையாட அங்கே கோடே இல்லை. தேர்தல் இரவு முன்னிலையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், 2022இல் நெவாடாவில் பின்தங்கியிருந்த கேத்தரின் கார்டெஸ் மாஸ்டோ ஜெயித்தது சனிக்கிழமைதான் தெரிந்தது, வித்தியாசம் எட்டாயிரம் வாக்குக்கும் குறைவு. ஜார்ஜியாவில் யாருக்கும் 50 சதவீதம் கிடைக்காவிட்டால் நான்கு வாரம் கழித்து மறுபடி போட்டி. மெய்னிலும் அலாஸ்காவிலும் இரண்டாம் விருப்ப வாக்கையும் எண்ணுவார்கள், முதல் எண்ணிக்கையில் முந்தியவர் கடைசியில் முந்தியவராக இருக்க வேண்டியதில்லை.

கடைசியாக நெப்ராஸ்கா. பட்டியல்களில் பலர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பில், அதாவது குடியரசுக் கட்சியின் நிறத்தில், போட்டுவிடுகிறார்கள். சுயேச்சையான டான் ஆஸ்போர்ன் 2024இல் குடியரசுக் கட்சியின் டெப் ஃபிஷரிடம் 7 புள்ளிக்குள் தோற்றார், அதே நாளில் அங்கே டிரம்பின் வித்தியாசம் சுமார் 20 புள்ளி. இந்த முறை அதே கட்சியின் பீட் ரிக்கெட்ஸை எதிர்த்து நிற்கிறார். இன்னும் சிலர் அவர் ஜெயித்தால் ஜனநாயகக் கட்சிக்கு ஒன்று என்று எழுதிவிடுகிறார்கள், அதுவும் தவறு, அவர் இரண்டு கட்சியோடும் சேர மாட்டேன் என்று சொன்னவர். ஜனநாயகக் கட்சி மூன்று இடம் பிடித்து, ஆஸ்போர்னும் ஜெயித்தார் என்று வையுங்கள்: 50, 49, நடுவில் ஒருவர். அவர் ஒதுங்கி நின்றால் மேலே நான் போட்ட "நான்கு வேண்டும்" என்கிற கணக்கே தப்பு. குடியரசுக் கட்சியோடு வாக்களித்தால் 50-50, மறுபடி வான்ஸ்.