கல்லறைக் கல்லில் தொடங்கும் குடும்ப வரலாறு

போலந்து யூதர்களின் வம்சாவளியைத் தேடுவோர், காப்பகப் பதிவேடுகளைப் புரட்டுவதற்கு முன் குடும்பக் கல்லறைக் கற்களைப் படமெடுத்துக்கொள்வது நல்லது. எபிரேயக் கல்வெட்டில் இறந்தவரின் பெயரோடு தந்தையின் பெயரும் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருப்பதால், ஒரே கல்லில் இரண்டு தலைமுறைகள் கிடைத்துவிடும். எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு; யூத நாட்காட்டியின் ஆண்டை அவ்வெழுத்துகளால் குறிக்கும்போது ஆயிரங்களை விட்டுவிடுவது வழக்கம். எழுத்துகளின் கூட்டுத்தொகை 660 என்றால் அது 5660ஆம் ஆண்டு. அதிலிருந்து 3760ஐக் கழித்தால் நம் வழக்கமான ஆங்கில ஆண்டு 1900 வரும். ஆனால் யூதப் புத்தாண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறப்பதால், அந்நாளுக்கும் டிசம்பர் இறுதிக்கும் இடைப்பட்ட இறப்பாயின் 3761ஐக் கழிக்க வேண்டும் (தேடுவோர் எளிதில் சறுக்கும் இடம் இதுதான்). போலந்தின் ரஷ்ய ஆட்சிப் பகுதியில் 1868 முதல் பதிவேடுகள் ரஷ்ய மொழியில் எழுதப்பட்டதால் பெயர்களின் எழுத்துக்கூட்டல் மாறுபடும்; எனவே யூத வம்சாவளித் தேடலுக்கான ஜூயிஷ்ஜென் (JewishGen) இணையதளத்தில் குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டலாக அன்றி ஒலிப்பு முறையில் தேடுங்கள்.