பூஜ்யம்னா "சொல்லல"ன்னு அர்த்தம் இல்ல: கான்ஃபிக் டிஃபால்ட்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் டீம்ல புதுசா சேர்ந்த ரெண்டு பேரோட கோடை ரிவ்யூ பண்ணிட்டு இருந்தேன். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதல, வேற வேற ப்ராஜெக்ட், ஆனா ரெண்டு பேரோட செட்டிங்ஸ் கிளாஸ்லயும் (கான்ஃபிக் ஃபைலைப் படிச்சு, அதுல சொல்லாததுக்கு டிஃபால்ட், அதாவது நாமளே வைக்கிற வேல்யூவைப் போடுற கோடு) அதே ஒரு வரி இருந்துச்சு, எட்டு வருஷம் முன்னாடி நான் எழுதின அதே வரி. பார்த்ததும் வயித்தைக் கலக்கிருச்சு. அதான் உக்காந்து எழுதறேன். கீ பேர்ல ஸ்பெல்லிங் தப்பு, ஃபைல் பாத் தப்பு இதெல்லாம் ஒரு தடவை ரன் பண்ணினாலே தெரிஞ்சுடும், அதை விட்டுடறேன். ரன் ஆகிட்டே இருந்து, ஆறு மாசம் கழிச்சு காலை வாரிவிடுறது மட்டும் இங்க.

பூஜ்யத்தை "காணோம்"னு நினைக்கிறது

அந்த வரி இதுதான்: கான்ஃபிக்ல இருந்து ரீட்ரை கவுன்ட்டை (ஃபெயில் ஆனா எத்தனை தடவை திரும்ப முயற்சி பண்ணணும்ங்கிற எண்ணை) எடுத்து, பக்கத்துலயே பைத்தானோட "ஆர் 3" (or 3) னு போடறது. ஜாவாஸ்கிரிப்ட்காரங்க இதையே || 3 னு எழுதுவாங்க. வேல்யூ இருந்தா அதை எடுத்துக்கோ, இல்லாட்டி 3, அப்படித்தான் படிக்கும்போது தோணும். ஆனா மொழி அப்படிப் படிக்காது. இடது பக்கம் இருக்கிறது ஃபால்ஸியா, அதாவது மொழி "இல்லை"ன்னு எடுத்துக்கிற வேல்யூவா இருந்தா வலது பக்கத்தை எடுத்துக்கும், அவ்ளோதான் அதுக்குத் தெரியும், பூஜ்யமும் ஃபால்ஸி.

அப்போ நான் இருந்த கம்பெனியில வெண்டர்களுக்கு பணம் அனுப்புற சர்வீஸ் ஒண்ணு எங்க கையில இருந்துச்சு. அந்தப் பக்கம் இருந்த பேங்க் ஏபிஐல ஐடெம்பொட்டன்ஸி கீ கிடையாது, அதாவது ஒரே ரிக்வெஸ்ட்டை ரெண்டு தடவை அனுப்பினா ரெண்டு தடவை பணம் போகும். அதனால ஆபரேஷன்ஸ்ல இருந்த அண்ணன் ஒருத்தர் கான்ஃபிக் ஃபைல்ல தெளிவா ரீட்ரை 0 னு எழுதி, மேலயே "மாத்தாதீங்க"ன்னு கமென்ட்டும் போட்டு வச்சிருந்தார். நான் எழுதின கிளாஸ் அந்த 0 வை வாங்கி, ஃபால்ஸின்னு தள்ளிட்டு, 3 ஆக்கிருச்சு.

நாலு மாசம் ஒண்ணும் ஆகல, ஏன்னா அந்த நாலு மாசமும் பேங்க் சைடு ஒரு ரிக்வெஸ்ட் கூட டைம்அவுட் ஆகல. அப்புறம் ஒரு மாசக் கடைசி ராத்திரி அந்தப் பக்கம் ஸ்லோ ஆச்சு. பணம் போயிடுச்சு, பதில் மட்டும் வரல, எங்க கோடு போகலன்னு நினைச்சு திரும்ப அனுப்பிச்சு, திரும்பவும், திரும்பவும். ஒரு வெண்டருக்கு முதல் தடவையோட சேர்த்து நாலு தடவை. இப்படி பதினோரு பேருக்கு. அதுல ரெண்டு பேர்கிட்ட இருந்து பணத்தைத் திரும்ப வாங்க மூணு வாரம் ஆச்சு.

அதைவிட எனக்கு இன்னிக்கும் ஆறாத விஷயம், அன்னிக்கு ராத்திரி முழுக்க தப்பான இடத்துல தேடினது. ஃபைலைத் திறந்தா ரீட்ரை 0. ஸ்டார்ட் ஆகும்போது லாக்ல அடிச்ச கான்ஃபிக்கைப் பார்த்தா அங்கயும் 0. ஏன்னா லாக்ல நாங்க அடிச்சது ஃபைல்ல இருந்து படிச்ச டிக்‌ஷனரியை, டிஃபால்ட் எல்லாம் சேர்ந்த பிறகு நிஜமா ஓடுற ஆப்ஜெக்ட்டை இல்ல. ரிக்வெஸ்ட் லாக்ல மட்டும் "முயற்சி 2/4"ன்னு ஒரு வரி இருந்துச்சு. அந்த 4 எங்கிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க காலைல அஞ்சரை மணி ஆச்சு. அந்த அண்ணனைத்தான் முதல்ல எல்லாரும் கேட்டாங்க, அவர் ஃபைலைக் காட்டி "நான் சரியாத்தானே போட்டிருக்கேன்"னு திரும்பத் திரும்ப சொல்லிட்டே இருந்தார். அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை.

டீக்கடையில "சக்கரை வேணாம்"னு சொல்ற சுகர்காரரும், ஒண்ணுமே சொல்லாம காசை நீட்டுறவரும் ஒண்ணா? மாஸ்டருக்கு அந்த வித்தியாசம் தெரியும். நம்ம கிளாஸுக்கும் தெரியணும். கான்ஃபிக்ல ஒரு வேல்யூவுக்கு மூணு நிலை இருக்கு: யாரும் எதுவும் சொல்லல, வேணும்னே காலியா விட்டிருக்காங்க, பூஜ்யம் அல்லது ஃபால்ஸ்னு தெளிவா சொல்லியிருக்காங்க. டிஃபால்ட்டுக்கு உரிமை முதல் நிலையில மட்டும்தான்.

எண்ணுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சனைன்னு நினைச்சுடாதீங்க. அனுமதிக்கப்பட்ட ஹோஸ்ட் லிஸ்ட்டை ஒருத்தர் காலி லிஸ்ட்டா வச்சா, யாரையும் உள்ள விடாதேன்னு அர்த்தம். பைத்தான்ல காலி லிஸ்ட் ஃபால்ஸி, அதனால "ஆர்" போட்டா உங்க டிஃபால்ட் லிஸ்ட் உள்ள வந்து கதவைத் திறந்து விட்டுடும். ஜாவாஸ்கிரிப்ட்ல காலி அரே ட்ரூத்தி, அதாவது ஃபால்ஸிக்கு எதிர், அங்க இது நடக்காது, ஆனா காலி ஸ்ட்ரிங் மாட்டும். ஒரு மொழியில பழகின கை இன்னொரு மொழியில அப்படியே எழுதும்போது இங்கதான் விழுது.

நாங்க முதல்ல பண்ணின திருத்தமும் பாதி தப்பு. "ஆர்"ஐ எடுத்துட்டு, டிக்‌ஷனரியோட கெட் மெத்தட்லயே ரெண்டாவது ஆர்குமென்ட்டா 3 குடுத்தோம். பூஜ்யம் தப்பிச்சுது. ஆனா யாமல் (YAML, கான்ஃபிக் எழுதுற ஒரு ஃபார்மேட்) ஃபைல்ல கீ பேரை எழுதி, கோலன் போட்டு, பக்கத்துல ஒண்ணும் எழுதாம விட்டா அது நல் (null, ஒண்ணுமில்ல) ஆகும், கீ இருக்கிறதால கெட் டிஃபால்ட்டைத் தராது, நன் (None, பைத்தானோட நல்) தான் கையில வரும். அடுத்த வாரமே எண்ணோட நன்னை கம்பேர் பண்ணி சர்வீஸ் விழுந்துச்சு. கடைசியா "மிஸ்ஸிங்"னு ஒரு தனி ஆப்ஜெக்ட் உருவாக்கி, அதை "இஸ்" போட்டு செக் பண்ணினோம்: மிஸ்ஸிங்கா இருந்தா மட்டும் 3, None வந்தா கீ பேரோட எர்ரர் அடிச்சு ஸ்டார்ட் ஆகாம நிக்கும். பைத்தானோட டேட்டாகிளாஸஸ் மாட்யூலே உள்ளுக்குள்ள இந்த மாதிரி ஒரு மிஸ்ஸிங் வச்சிருக்கு, ஏன்னா நன் ஒரு நியாயமான டிஃபால்ட்டா இருக்கலாம்.

ஜாவாஸ்கிரிப்ட்ல 2020ல இருந்து ?? இருக்கு, அது null, undefined ரெண்டையும் மட்டும்தான் காணோம்னு எடுத்துக்கும். || வேண்டவே வேண்டாம். பைத்தான்ல அந்த மாதிரி ஒண்ணு கொண்டு வர பெப் 505னு (PEP, மொழியை மாத்தறதுக்கான முன்மொழிவு) ஒண்ணு எழுதி, ஒத்திப் போட்டுட்டாங்க. கோ மொழியில ஸ்ட்ரக்ட்டை முதல்லயே டிஃபால்ட்டால நிரப்பிட்டு அப்புறம் ஜேசனை அன்மார்ஷல் பண்ணுங்க (படிச்சு ஸ்ட்ரக்ட்டுக்குள்ள போடுங்க), ஜேசன்ல இல்லாத ஃபீல்டை அது தொடாது. ஜாவாவுல ஜாக்சன்ங்கிற ஜேசன் லைப்ரரி வச்சுப் படிக்கிறீங்கன்னா, ஃபீல்ட் வெறும் இன்ட்டா இருந்து ஜேசன்ல அது இல்லாட்டி 0 வரும், எழுதின 0 வா எழுதாத 0 வான்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. டேட்டாவை அனுப்ப கூகுள் உருவாக்கின ஃபார்மேட்டான ப்ரோட்டோகால் பஃபர்ஸ்லயே இது நடந்துச்சு, ப்ரோட்டோ3 வந்தப்போ சாதாரண ஃபீல்டுகளுக்கு "வச்சிருக்காங்களா இல்லையா"ங்கிற தகவலையே எடுத்துட்டாங்க, அப்புறம் 2021ல 3.15 வெர்ஷன்ல ஆப்ஷனல் கீவேர்டை முழுசா திரும்பக் கொண்டு வந்தாங்க. அவ்ளோ தேவை அதுக்கு இருக்கு.

இன்னொண்ணு, ஸ்டார்ட் ஆகும்போது லாக்ல அடிக்க வேண்டியது கடைசியா ஓடப்போற வேல்யூவை, கூடவே அது எங்கிருந்து வந்துச்சுன்னும்: ஃபைலா, எனவிரான்மென்ட்டா, டிஃபால்ட்டா. "ரீட்ரை 3, டிஃபால்ட்"னு ஒரு வரி அன்னிக்கு இருந்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை. பாஸ்வேர்டை மட்டும் மறைச்சுடுங்க.

ஒரே டிஃபால்ட் ஆப்ஜெக்ட்டை எல்லாருக்கும் குடுக்கிறது

பைத்தான்ல ஃபங்ஷனோட டிஃபால்ட் ஆர்குமென்ட், டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒரு தடவைதான் உருவாகும், ஒவ்வொரு கால்லயும் இல்ல. அதுல காலி லிஸ்ட் வச்சு யாராவது ஒருத்தர் அப்பெண்ட் பண்ணினா அடுத்து வர்றவருக்கும் அதே லிஸ்ட்தான். டேட்டாகிளாஸ்ல லிஸ்ட், டிக்ட், செட்டை நேரா வச்சா வேல்யூஎர்ரர் குடுத்து நிறுத்திடும், டிஃபால்ட் ஃபேக்டரி போடச் சொல்லும். 3.11ல இன்னும் இறுக்கிட்டாங்க, ஹேஷ் பண்ண முடியாத எதையுமே விடாது. ஆனா நீங்க எழுதின சாதாரண கிளாஸோட ஆப்ஜெக்ட் ஹேஷ் ஆகும், அது அப்படியே உள்ள போயிடும், எல்லா இன்ஸ்டன்ஸும் அதையே பிடிச்சிட்டு இருக்கும். ஒரு டெஸ்ட் தனியா ஓட்டினா பாஸ், எல்லாத்தோட சேர்த்து ஓட்டினா ஃபெயில்னு வந்தா முதல்ல இதைத்தான் பாருங்க.

மேலோட்டமா மெர்ஜ் பண்றது

டிஃபால்ட்ல டேட்டாபேஸுக்கு ஹோஸ்ட், போர்ட், பூல் சைஸ் மூணும் இருக்கு. யூசர் போர்ட்டை மட்டும் 5433 னு மாத்தறார். ஸ்ப்ரெட் (ஜாவாஸ்கிரிப்ட்ல ... ) போட்டு மெர்ஜ் பண்ணினா டேட்டாபேஸ்ங்கிற கீ மொத்தமா அவரோடதா மாறிடும், ஹோஸ்ட்டும் பூல் சைஸும் காணாமப் போயிடும். உள்ளே உள்ளே போய் மெர்ஜ் பண்ணணும், லிஸ்ட் வந்தா சேர்க்கிறதா மாத்துறதான்னு முன்னாடியே முடிவு பண்ணி எழுதி வைக்கணும்.

கன்ஸ்ட்ரக்டர்ல ஓவர்ரைடு ஆகுற மெத்தடைக் கூப்பிடுறது

ஜாவாவுல பேஸ் கிளாஸ் கன்ஸ்ட்ரக்டர் "டிஃபால்ட் லோடு பண்ணு"ன்னு ஒரு மெத்தடைக் கூப்பிடும், சப்கிளாஸ் அதை ஓவர்ரைடு பண்ணி டைம்அவுட்டை 60 ஆக்கும், அது முடிஞ்ச பிறகுதான் சப்கிளாஸோட ஃபீல்ட் இனிஷியலைசர் ஓடும், அங்க 10 னு எழுதியிருந்தா 60 போயே போச்சு. டீபக்கர்ல 60 விழறதைக் கண்ணால பார்த்துட்டு அப்புறம் 10 எப்படி வந்துச்சுன்னு தலையைப் பிச்சுக்குவீங்க. சி ஷார்ப்ல ஃபீல்ட் இனிஷியலைசர் பேஸ் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னாடியே ஓடிடும், அங்கிருந்து வர்றவங்களுக்கு இது ரொம்பப் புதுசா இருக்கும். வேல்யூவை கன்ஸ்ட்ரக்டர் ஆர்குமென்ட்டா மேல அனுப்புங்க, தீர்ந்துச்சு.

"ஃபால்ஸ்"ங்கிற எழுத்து ட்ரூ

எனவிரான்மென்ட் வேரியபிள்ல வர்றது எல்லாமே ஸ்ட்ரிங், காலியா இல்லாத ஸ்ட்ரிங் ட்ரூத்தி, அதனால "false"னு எழுதினாலும் ட்ரூன்னுதான் ஆகும். பார்ஸ் பண்ணுங்க.

லைப்ரரியோட டைம்அவுட்டை நம்புறது

பைத்தானோட ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரில (ஹெச்டிடிபி கால் பண்றது) நீங்க குடுக்காட்டி டைம்அவுட்டே கிடையாது. கோவோட ஹெச்டிடிபி கிளையன்ட்லயும் 0 ன்னா எல்லையே இல்லாம காத்திருக்கும்.

டிஃபால்ட் பாஸ்வேர்ட்

வைக்கவே வைக்காதீங்க. 2016ல மிராய்ங்கிற மால்வேர் அத்தனை கேமராவையும் ரவுட்டரையும் பிடிச்சது டிஃபால்ட் பாஸ்வேர்ட் லிஸ்ட் ஒண்ணை வச்சுத்தான். குடுக்கலன்னா ஸ்டார்ட் ஆகக்கூடாது.

வெளியிட்ட பிறகு டிஃபால்ட்டை சத்தமில்லாம மாத்துறது

சி ஷார்ப்ல ஆப்ஷனல் பாராமீட்டரோட வேல்யூ, கூப்பிடுறவங்க கோடு கம்பைல் ஆகும்போது அவங்க பக்கமே பதிஞ்சுடும். லைப்ரரில நீங்க 30 ஐ 60 ஆக்கி புது டிஎல்எல் (கம்பைல் ஆன லைப்ரரி ஃபைல்) மட்டும் மாத்திக் குடுத்தா, ரீகம்பைல் பண்ணாதவங்களுக்கு இன்னும் 30 தான் ஓடிட்டு இருக்கும். பைத்தான் மாதிரி மொழிகள்ல இதுக்கு நேர் எதிர்ப் பிரச்சனை, அப்டேட் போட்ட அன்னிக்கே எல்லாருக்கும் மாறிடும், எதையுமே எழுதாம டிஃபால்ட்டை நம்பி இருந்தவங்கதான் முதல்ல அடி வாங்குவாங்க. ரிலீஸ் நோட்ல முதல் வரியா பழைய வேல்யூ, புது வேல்யூ ரெண்டையும் போடுங்க. அந்த ரெண்டு பேருக்கும் ரிவ்யூல இதையெல்லாம் கமென்ட்டா எழுதல, பக்கத்துல உக்காந்து கான்ஃபிக்ல 0 போட்டு ஓட்டிக் காட்டினேன், ஸ்க்ரீன்ல 3 வந்துச்சு, ஒரு பொண்ணு உடனே தன்னோட இன்னொரு ஃபைலைத் திறந்து "ஆர்"னு தேட ஆரம்பிச்சுது, ஏழு இடத்துல இருந்துச்சு.