ஒற்றைத் தலைவலி நாள்: மாத்திரை போடுவதிலிருந்து வேலைக்குத் திரும்புவது வரை

டாக்டரிடம் காட்டி, வருவது மைக்ரேன்தான் என்று உறுதியான பெரியவர்களுக்கான குறிப்பு இது. இன்னும் காட்டாதவர்கள் முதலில் காட்டிவிடுங்கள், 50 வயதைத் தாண்டி முதன்முறையாக வருகிறதென்றால் தள்ளிப்போடவே வேண்டாம். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, தலையில் அடிபட்ட பின் வரும் வலி என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

படி 1: வலிக்கு முன்பே கண்டுபிடிப்பது

அடிக்கடி கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, காரணமில்லாத எரிச்சல், இனிப்பு மேல் திடீர் ஆசை. இவை வலிக்குச் சில மணி நேரம் முன்பிருந்து, சிலருக்கு 2 நாள் முன்பிருந்தே தலைகாட்டும். "இனிப்பு சாப்பிட்டேன், தலைவலி வந்தது" என்று பலர் சொல்வதில் பாதி தலைகீழ்க் கணக்கு: தலைவலி தொடங்கிவிட்டதால்தான் அந்த ஆசையே வந்திருக்கும். அன்று வேளை தவறாமல் சாப்பிடுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள். கொட்டாவிக்கெல்லாம் மாத்திரை வேண்டாம்.

படி 2: மாத்திரை

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று பொறுத்திருந்து, தாங்க முடியாதபோது விழுங்குகிறார்கள். மைக்ரேன் வந்தால் இரைப்பையின் வேகம் குறையும். மாத்திரை உள்ளேயே கிடக்கும், ரத்தத்தில் சேர நேரமாகும். தலை சீவினாலே தோல் வலிக்கிறது என்ற கட்டம் வந்துவிட்டால் மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மருந்துகளும் சரியாகக் கேட்பதில்லை. வலி லேசாக இருக்கும்போதே, முதல் 1 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

அடுத்த தவறு அரைகுறை அளவு. பெரியவர்களுக்கு வழக்கமான ஒரு வேளை அளவு: பாராசிட்டமால் 1000 மி.கி., அல்லது இபுப்ரூஃபன் 400 மி.கி., அல்லது நாப்ராக்சன் 500 மி.கி. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் பின்னிரண்டையும் தானாக எடுக்கக் கூடாது. ஈரல் கோளாறு உள்ளவர்களும் உடல் எடை மிகக் குறைந்தவர்களும் பாராசிட்டமால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவை கேட்காதவர்களுக்கு டாக்டர் எழுதித் தருவது டிரிப்டான் வகையில் ஒன்றான சுமட்ரிப்டான், 50 அல்லது 100 மி.கி. போய்விட்டு மறுபடி வந்த வலிக்கு, குறைந்தது 2 மணி நேரம் கழித்து இன்னொன்று போடலாம். 24 மணி நேரத்தில் 200 மி.கி.க்கு மேல் கூடாது. முதல் மாத்திரை அசைத்துக்கூடப் பார்க்கவில்லை என்றால் அதே வலிக்கு இரண்டாவது வீண். இதய நோய், பக்கவாதம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. குமட்டல் அதிகமென்றால் டோம்பெரிடோன் போன்ற வாந்தி மருந்தைச் சேர்த்துத் தருவார்கள், வாந்தியே எடுப்பவர்கள் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே பற்றிக் கேளுங்கள்.

சீக்கிரம் போடச் சொன்னதற்கு ஒரு கடிவாளம் உண்டு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாராசிட்டமால், இபுப்ரூஃபன் என்று மாதக்கணக்கில் போனால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். டிரிப்டானுக்கும் கஃபீன் அல்லது கோடீன் கலந்த மாத்திரைகளுக்கும் 10 நாள்தான் எல்லை. வாரத்துக்கு 2 நாள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு தப்பாது. குறித்துவைக்க ஆப்பைவிடச் சுவர் காலண்டரே மேல் என்பது என் கட்சி. வலி வந்த நாளுக்கு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்குப் பெருக்கல் குறி, அவ்வளவு போதும். வலியோடு திரையைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது.

படி 3: இருட்டறை

இருட்டறையில் படுத்துக்கொள்வது உங்களுக்கே தெரியும். துணி சுற்றிய ஐஸ் பேக்கை நெற்றியிலோ பின்கழுத்திலோ 15 நிமிடம் வையுங்கள்.

படி 4: எழுந்த பிறகு

வலி போனதும் எல்லாம் முடிந்ததாக நினைக்காதீர்கள். அசதி, மந்தம், சொல் நினைவுக்கு வராமல் தடுமாறுவது எல்லாம் 1 நாள், சில சமயம் 2 நாள் நீடிக்கும். முதல் சில மணி நேரத்துக்குத் தவறினாலும் திருத்திக்கொள்ளக்கூடிய வேலைகளை எடுங்கள். பணக்கணக்கும் முடிவெடுக்கும் கூட்டமும் மறுநாளுக்குப் போகட்டும். திரை வெளிச்சத்தை அறை வெளிச்சத்துக்குச் சமமாக வையுங்கள். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடியோடு நடமாடும் பழக்கம் வேண்டாம், நாளடைவில் வெளிச்சக் கூச்சம் கூடும். உடற்பயிற்சி செய்பவர்கள் நடையிலிருந்து தொடங்கலாம். விட்டுப்போன வேலையை இரவு கண்விழித்து முடித்தால் தூக்கம் கெட்டு அடுத்த வலிக்கு வழிவிடும்.

பின்சேர்க்கை

வலிக்கு முன் கண்ணில் மின்னும் கோடுகள் தெரிவதைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஆரா என்று பெயர். வழக்கமாக 5 முதல் 60 நிமிடத்தில் அடங்கும், அதுவரை வண்டி ஓட்டக் கூடாது. டிரிப்டானை அப்போது போடாமல் வலி தொடங்கியதும் போடுங்கள். ஆரா உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால் பக்கவாத அபாயம் கூடும், டாக்டரிடம் சொல்லி வேறு முறைக்கு மாறுங்கள்.

மாதத்தில் 4 நாளுக்கு மேல் வலி என்றால் காலண்டரோடு போய் தடுப்பு மருந்து கேளுங்கள். புரோப்ரனோலால், அமிட்ரிப்டிலின் போன்றவை தினமும் எடுப்பவை. முழு அளவை எட்டிய பிறகு 8 வாரமாவது பார்க்காமல் "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். பக்கவிளைவு தொந்தரவு செய்தால் மட்டும் அத்தனை வாரம் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.