மண் பற்றீரியா மருந்தும் தாவரக் கல கிரீமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் களுதாவளை, களுவாஞ்சிகுடிப் பக்கம் விவசாய மருந்துக் கடைகளில் "சேதன மருந்து ஏதும் இருக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்தது, அந்த நவம்பரிலேயே விலக்கவும் பட்டது. கேள்வி மட்டும் தங்கிவிட்டது. கேட்பது நல்லதுதான். ஆனால் "எந்தப் பூச்சிக்கு?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டால், "எல்லாத்துக்கும்தான்" என்று பதில் வரும். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

மண்ணில் வாழும் பற்றீரியாவிலிருந்து வந்த மருந்துகளில் அதிகம் பேசப்படுவது பிடி (Bt). முழுப்பெயர் பசிலஸ் துரிஞ்சியென்சிஸ். 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்களைக் கொன்ற நோயில் இதைக் கண்டார்கள். 1911இல் ஜெர்மனியின் துரிஞ்சியாவில் மாவைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுவில் மறுபடி கண்டெடுத்தார்கள், பெயர் அந்த இடத்தால் வந்தது. தொட்டவுடன் கொல்லும் நஞ்சு அல்ல இது. பற்றீரியா ஒரு புரதப் பளிங்கைச் செய்கிறது, புழு அதை இலையோடு சேர்த்துத் தின்ன வேண்டும். புழுவின் குடலில் காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, அதிகம். அந்தக் காரத்தில் பளிங்கு கரைந்து குடற்சுவரில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம், அது ஒட்டுவதற்கான இடமும் நம் குடலில் இல்லை.

இவ்வளவும் விளங்கினால் பாதித் தவறு தானாகவே விலகும். சாறு உறிஞ்சும் பூச்சி இலையைத் தின்பதில்லை. ஆகவே மிளகாயில் வெண் ஈக்கும், நெல் வட்டையில் அறக்கொட்டிக்கும் பிடி அடிப்பது வீண் செலவு. காய்க்குள் துளைத்துப் போய்விட்ட கத்தரிப் புழுவுக்கும் அப்படித்தான், வெளியே பட்ட மருந்து அதன் வாய்க்குப் போகாது. நுளம்புக் குடம்பிக்கென்று இதே பற்றீரியாவில் வேறொரு வகை இருக்கிறது. அதை வாங்கிக் கோவாவுக்கு அடித்தால் புழு அசராது.

அடுத்தது அவசரம். இரசாயன மருந்தடித்துப் பழகிய கைக்கு, மறுநாள் காலை புழு செத்து விழுந்து கிடக்க வேண்டும். பிடி அப்படிக் காட்டாது. தின்ற சில மணி நேரத்தில் புழு சாப்பாட்டை நிறுத்திவிடும், ஆனால் சாக இரண்டு மூன்று நாள், சிலவேளை இன்னும் கூட ஆகலாம். அதற்குள் "மருந்து போலி" என்று முடிவுகட்டி, மேலால் கடும் மருந்தொன்றை அடித்து, புழுவைத் தின்னும் குளவியையும் சேர்த்துக் கொல்வதுதான் இதில் மிக மோசமான தவறு என்பேன். புழு அசைகிறதா என்று பார்க்காதீர்கள், புதிதாக இலை அரிபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

2018 கடைசியில் அம்பாறைச் சோளச் சேனைகளில் இறங்கிய படைப்புழுவை, சேனாப் புழு என்கிறோமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். குருத்தை மெதுவாக விரித்தால் ஈர மரத்தூள் போல எச்சம் குவிந்திருக்கும், அதற்குக் கீழே புழு. அந்த அளவுக்கு வளர்ந்த புழுவைப் பிடி அவ்வளவாக அசைக்காது. இலையின் பச்சை மட்டும் சுரண்டப்பட்டு மெல்லிய வெள்ளைத் திட்டுகள் தெரிகிற நாட்களில், புழு நூல் தடிப்பில் இருக்கும்போதே அடிக்க வேண்டும். இலை மேலே நனைந்தால் போதாது, குருத்துக்குள் இறங்க வேண்டும்.

நேரமும் முக்கியம். எங்கள் வெயிலுக்குக் காலை பத்து மணிக்கு அடித்தால், புழு தின்னும் முன்னமே சூரியன் மருந்தைத் தின்றுவிடும். பின்னேரம், வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். மாரியில் மழை கழுவிவிட்டால் திரும்பவும் அடிக்கத்தான் வேண்டும். தகரக் கொட்டிலுக்குள் பைக்கற்றை வைத்துவிட்டு அடுத்த போகத்தில் தேடுவதும், செம்பு கலந்த பூஞ்சண மருந்தோடு ஒரே தாங்கியில் கலப்பதும் வேண்டாம். வருடம் முழுக்க இதையே அடிப்பதும் கூடாது: ஹவாயில் கோவாவைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி பிடிக்கு அசையாமல் போனதை 1990இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

யூடியூப்பைப் பார்த்து வாளியில் சீனித் தண்ணீர் வைத்துப் பற்றீரியா வளர்க்கிறவர்களுக்கு ஒரு சொல். பிடியின் நெருங்கிய உறவான பசிலஸ் சீரியஸ் சோற்றில் வளர்ந்து வாந்தி பேதி கொடுப்பது. வாளியில் வளர்ந்தது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. கடையில் வாங்குங்கள், லேபிளில் பீடைகொல்லிப் பதிவாளரின் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

"மண்ணிலிருந்து வந்தது, கெடுதல் செய்யாது" என்பதும் பிழை. சிற்றுண்ணிக்கு அடிக்கும் அபமெக்டின் மண் பற்றீரியா ஒன்றிலிருந்துதான் வந்தது. தேனீக்கும் மீனுக்கும் அது கடும் நஞ்சு, வாவிக் கரைத் தோட்டக்காரர் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுகிறோம் என்று பார்க்க வேண்டும். அதே பற்றீரியாவின் வழியில் வந்ததுதான் சொறிக்கும் பேனுக்கும் கொடுக்கும் ஐவர்மெக்டின். அந்தக் கண்டுபிடிப்புக்காக விஞ்ஞானிகள் ஓமுராவுக்கும் கேம்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்காகத் தோட்டத்து மருந்தைத் தோலில் பூசலாம் என்று அர்த்தமில்லை.

தோல் என்றதும் தாவரக் கல கிரீம் ஞாபகம் வருகிறது. ஆய்வுகூடத்தில் தாவரக் கலங்களை வளர்த்து அழகுசாதனத்துக்குப் பயன்படுத்துவது உண்மை. 1980களிலேயே ஜப்பானில் உதட்டுச் சாயத்துக்கான சிவப்பு நிறத்தை அப்படி எடுத்தார்கள். ஆனால் "ஆப்பிள் தண்டுக் கலம் உங்கள் தோலைப் புதுப்பிக்கும்" என்றால் நம்பாதீர்கள். கிரீமில் இருப்பது உயிருள்ள கலம் அல்ல, அதன் சாறு. ஆப்பிள் கலம் மனிதக் கலமாக மாறாது. பூசியதும் ஒரு கிழமையில் வெள்ளையானால், அதில் பாதரசமோ ஸ்டீரொய்டோ இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

வல்லாரையை அரைத்துத் தண்ணீர் கலந்து போத்தலில் அடைத்து விற்பவர்களும், வாங்குபவர்களும் கவனிக்க: பழுதாகாமல் காக்கும் பொருள் சேர்க்காத ஈரக் கலவையில் கிருமி வளரும், மணம் மாறும் முன்பே வளர்ந்துவிடும். வீட்டில் பூச ஆசையென்றால் அன்று அரைத்ததை அன்றே பூசுங்கள். அதுவும் முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள், எரிந்தாலோ சிவந்தாலோ முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.