கூட்டாளி ரோபோவோடு முட்டிக்கொள்ளாமல் ஓட்டுவது எப்படி?

இரண்டு அணிகள் கூட்டாளியாகச் சேர்ந்து வேறு இரண்டு அணிகளோடு மோதும் ரோபோ போட்டிகளில், புதிதாக வரும் அணிகள் எதிரணி ரோபோவை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, முதல் சில மேட்சுகளில் வழியை அதிகம் அடைப்பது சொந்தக் கூட்டாளிதான். இரண்டு நல்ல ரோபோக்கள் நடுக்களத்தில் மூக்கோடு மூக்கு முட்டி நிற்பதைப் பார்க்கவே மனசு கேட்காது. மேட்சுக்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

1. முதலில் தாளில் களத்தை வரையுங்கள். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச், வெக்ஸ் வி5 என்ற மாணவர் ரோபோ போட்டிகள் இரண்டிலும் களம் 12 அடிக்கு 12 அடி. 2 அடி டைல்கள், மொத்தம் 36. அதனால் 6×6 கட்டம் போட்டால் போதும். ரோபோக்களுக்குப் பதிலாக நான்கு நாணயங்கள். தொடக்கத்தில் ரோபோ 18 அங்குலம்தான், ஒரு டைலுக்குள் அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் மூலைக்கு மூலை அளந்தால் 25 அங்குலத்துக்கும் மேல். நின்ற இடத்திலேயே சுற்றினாலும் மூலை அடுத்த டைலில் நீட்டும். இரண்டு ரோபோக்கள் அடுத்தடுத்த டைலில் நின்று திரும்பினால் உரசாமல் இருப்பது கஷ்டம்.

2. ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று அளந்து வையுங்கள். பொருளை எடுத்து, போட்டு, மறுபடி எடுக்க வரும் வரை ஒரு சுற்று. 12 நொடி என்று வைத்துக்கொள்வோம். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சில் ரோபோவைக் கையால் ஓட்டும் 2 நிமிட டிரைவர் நேரத்தில் 10 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கூட்டாளிக்காக 3 நொடி காத்திருந்தால் 8 சுற்றுதான். வேகமான மோட்டார் தேடுவதற்கு முன் இந்த 3 நொடியைத் தேடுங்கள்.

3. ஒருவழிப் பாதை. இதுதான் முக்கியம். இரண்டு ரோபோவும் ஒரே திசையில் சுற்ற வேண்டும்: சுவர் ஓரமாகப் போய், நடு வழியாகத் திரும்பி வருவது போல. எதிரும் புதிருமாகச் சந்திக்கும் வாய்ப்பே குறைந்துவிடும். அப்புறம், பொருள் எடுக்கும் இடத்துக்கு ஒரு டைல் தள்ளிக் காத்திருக்கும் டைல் ஒன்றைக் குறியுங்கள். உள்ளே இருப்பவர் வெளியேறும் வழியில் அது இருக்கக் கூடாது. நாணயத்தை நகர்த்திப் பார்த்தால் இந்தத் தப்பு உடனே தெரியும். உள்ளே இருக்கும் அணியின் கோச் "வர்றோம்" என்று ஒரே வார்த்தை சொன்னதும் காத்திருப்பவர் நுழையலாம்.

4. தானியங்கி நேரத்தில், அதாவது மேட்ச் தொடக்கத்தில் ரோபோ நிரலின்படி தானாக ஓடும்போது, யாரும் கத்தி நிறுத்த முடியாது. இரண்டு பாதைகளும் ஒரே தாளில் குறுக்கிட்டால், ஒருவருடைய நிரலில் தொடக்கத்திலேயே இரண்டு மூன்று நொடி தாமதம் சேருங்கள். அதை மாற்ற வசதியாக முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது.

5. தடுப்பாட்டம் ஆட நினைத்தால், மெதுவான ரோபோவுக்குக் கொடுங்கள். எதிரணி ரோபோவை எத்தனை நொடி மடக்கி வைக்கலாம் என்பதை அந்த வருட விதிப்புத்தகத்தில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

6. கடைசியில் நிறுத்தும் இடத்துக்கு யார் முதலில் போவது? உள்பக்கம் நிற்க வேண்டியவர்தான். வெளிப்பக்க ரோபோ முந்திக்கொண்டால் வாசல் அடைபட்டது, மற்றவர் வெளியே நிற்க வேண்டியதுதான். எத்தனை நொடி மீதம் இருக்கும்போது கிளம்புவது என்பதையும் தாளின் மூலையில் எழுதி, இரண்டு கோச்சும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.