போருக்கு நடுவே வைத்தியம்: கிளம்பும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

சண்டை நடக்கும் இடத்தில் மாட்டிக்கொண்ட ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, என்னென்ன மருந்து எடுத்துப் போகலாம் என்றுதான். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: யாருடைய பொறுப்பில் போகிறீர்கள்? முதுகில் ஒரு பையும் மனசு நிறைய நல்லெண்ணமுமாகத் தனியாகப் போய் இறங்கும் மருத்துவருக்குக் குடிதண்ணீர், படுக்க இடம், மொழி தெரிந்த ஆள், குண்டு விழுந்தால் ஒளிய ஒரு மூலை என எல்லாவற்றையும் அந்த ஊர்க்காரர்கள்தான் தேடித் தர வேண்டும். அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் தலைவலி போதும். ஆகவே அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் அமைப்பு ஒன்றின் கீழ் போங்கள்: 1863இல் தொடங்கிய பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு, 1971இல் தொடங்கிய எம்எஸ்எஃப் என்கிற எல்லைகளற்ற மருத்துவர்கள், அந்தந்த நாட்டின் செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கம், இப்படி ஏதாவது ஒன்று. நீங்களே அந்த ஊர்க்காரர், போர் உங்கள் வாசலுக்கு வந்துவிட்டது என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். மீதி எல்லாம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

சட்டத்தைப் பற்றி நான்கு வரி. 1949 ஜெனீவா ஒப்பந்தங்களும் 1977இல் சேர்ந்த கூடுதல் நெறிமுறைகளும், காயம்பட்டவர் எந்தத் தரப்பானாலும் அவருக்குச் சிகிச்சை தரச் சொல்கின்றன. மருத்துவ நெறிப்படி வைத்தியம் பார்த்ததற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு ரத்தம் வழியக் கிடக்கும் எதிரிப் படை ஆளும் நோயாளிதான். அவர் வார்டில் படுத்திருப்பதால் மருத்துவமனை தன் பாதுகாப்பை இழந்துவிடாது. ஆனால் மொட்டை மாடியில் ஒருவன் துப்பாக்கியோடு உட்கார்ந்து சுட ஆரம்பித்தால் அந்தப் பாதுகாப்பு போகக்கூடும், அப்போதும் முன்னெச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் தாக்க வேண்டும். அதனால் வாசலிலேயே துப்பாக்கியை வாங்கி வைப்பதை முதல் நாளே பழக்கமாக்குங்கள். நம் பக்கத்து ஆட்கள்தானே என்று ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால், அடுத்தவரிடம் கேட்க வாய் வராது. செஞ்சிலுவைச் சின்னத்தை நீங்களாகவே வண்டியில் வரைந்துகொள்ளாதீர்கள், அதற்கு அனுமதி வேண்டும்.

இதையெல்லாம் காகிதத்தில் உள்ள சங்கதி என்று ஒதுக்கவும் முடியாது, முழுதாக நம்பவும் முடியாது. 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் எம்எஸ்எஃப் மருத்துவமனை மீது அமெரிக்க விமானம் தாக்கியதில் 42 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் ஜிபிஎஸ் இருப்பிடம் முன்கூட்டியே எல்லாத் தரப்புக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவை மருத்துவமனைகளைக் காக்கச் சொல்லி 2286ஆம் தீர்மானம் போட்டது. தாக்குதல்கள் அதோடு நின்றுவிடவில்லை. இருப்பிடத்தைத் தருவதா வேண்டாமா என்பதை அமைப்பு முடிவு செய்யட்டும், ஆனால் தந்துவிட்டோம் என்ற தைரியத்தில் மணல் மூட்டை அடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

பேச்சுவார்த்தை என்றதும் பெரிய மேசையும் கோப்புகளும் கண்ணுக்கு வரும். உண்மையில் அது சோதனைச் சாவடியில் தூக்கக் கலக்கத்தில் நிற்கும் இருபது வயதுப் பையனோடு தினமும் நடப்பது. வண்டியை மெதுவாக நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், இரண்டு கையும் தெரியட்டும். யார் யார் வண்டியில் இருக்கிறார்கள், எங்கே போகிறார்கள் என்பதில் பொய் சொல்லவே வேண்டாம். ஒரு தடவை மாட்டினால் அடுத்த ஆம்புலன்ஸுக்கும் வழி கிடைக்காது. அந்தத் தரப்பின் மேல்நிலை அதிகாரியிடம் பேசி வாங்கிய அனுமதி இந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணாதீர்கள்.

இடம் பார்ப்பது அடுத்து. படை முகாம், காவல் நிலையம், பாலம், எரிபொருள் கிடங்கு இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். தரைத்தளமோ அடித்தளமோ, வண்டி நுழையவும் வெளியேறவும் தனித்தனி வழி, ஜன்னல் கண்ணாடிக்கு டேப். கூட்டத்தை வாசலில் சேரவிடாதீர்கள். குண்டு விழுந்த இடத்துக்கு உடனே ஓடுவதிலும் நிதானம் வேண்டும். உதவ வருகிறவர்களைக் குறி வைத்து அதே இடத்தில் இரண்டாவது குண்டு போடுவது பல போர்களில் நடந்திருக்கிறது. வெடிக்காமல் கிடக்கும் எதையும் தொடாதீர்கள், உதைக்காதீர்கள், படம் எடுக்கக்கூட நெருங்காதீர்கள்.

ஒரே நேரத்தில் முப்பது பேர் வந்தால்

டிரையாஜ் என்கிற வகைபிரித்தல்தான் இந்த வேலையின் முதுகெலும்பு, மனசுக்குக் கஷ்டமான பகுதியும் அதுதான். வாசலில் ஒரே ஒருவர் நிற்க வேண்டும், இருப்பவர்களில் அனுபவசாலி. அவர் யாருக்கும் வைத்தியம் செய்ய உட்காரக் கூடாது. பீறிடும் ரத்தத்தை நிறுத்துவதும் மூச்சுவழியைத் திறந்துவிடுவதும் மட்டும் விதிவிலக்கு. முதலில் சத்தமாகச் சொல்லுங்கள்: நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுவர் ஓரம் போங்கள். பாதிக் கூட்டம் நகர்ந்துவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். அலறுகிறவரிடம் ஓடத்தான் கால் துடிக்கும், ஆனால் அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. மூலையில் சத்தமே போடாமல், வெளிறிப்போய், நெற்றியில் குளிர்ந்த வியர்வையோடு கிடக்கிறாரே, அவரைப் பாருங்கள். மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல் போகாமல் இருக்கிறதா, மணிக்கட்டில் நாடி கிடைக்கிறதா, கையை இறுக்கிப் பிடி என்றால் பிடிக்கிறாரா: பெரியவர்களுக்கு இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் சிவப்பு, அதாவது உடனடி. காத்திருக்கக்கூடிய பெரிய காயம் மஞ்சள், நடக்கிறவர்கள் பச்சை. கையில் இருக்கும் வசதிக்குக் காப்பாற்ற முடியாதவர்கள் கறுப்பு.

கறுப்பு என்றால் கைவிடுவது என்று அர்த்தமில்லை. வலிக்கு மருந்து, போர்த்த ஒரு போர்வை, பக்கத்தில் உட்கார ஒரு ஆள், இது மூன்றும் அவர்களுக்கு உண்டு. கொஞ்ச நேரம் கழித்து எல்லோரையும் மறுபடி பாருங்கள், மஞ்சள் சிவப்பாவது சாதாரணம், ஆட்கள் ஓய்ந்தால் கறுப்பும் சிவப்பாகலாம். வந்தவர் இன்னாருடைய மகன், இந்தக் கட்சி, அந்தத் தளபதியின் தம்பி என்ற பேச்சு கட்டாயம் வரும். வரிசை காயத்தைப் பார்த்துத்தான் என்று முன்கூட்டியே ஊர்ப் பெரியவர்களிடமும் ஆயுதக் குழுக்களிடமும் சொல்லி வைத்திருந்தால், அந்த நேரத்தில் வாசலில் சண்டை போட வேண்டியிருக்காது.

உடம்பைச் சோதிக்கும்போது துணியை வெட்டி எடுத்துவிட்டுப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, முதுகு, தலைமுடிக்குள், இந்த நான்கு இடங்களில்தான் குண்டுச் சில்லுக் காயம் ஒளிந்திருக்கும். கையுறை போட்ட கையை முதுகுக்கு அடியில் விட்டு வெளியே எடுத்து, ரத்தம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பார்த்து முடித்ததும் உடனே போர்த்திவிடுங்கள். வெயில் காலம்தானே என்று விடாதீர்கள். ரத்தம் இழந்த உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், குளிர்ந்த ரத்தம் சரியாக உறையாது.

ரத்தம் நிற்க முதல் மருந்து உள்ளங்கை. முழு பலத்தோடு நேராக அழுத்துங்கள். தொடை இடுக்கு, அக்குள் போன்ற கட்டுப் போட முடியாத இடம் என்றால், காஸ் துணியைக் காயத்தின் அடிவரைக்கும் திணித்து மூன்று நிமிடமாவது எடுக்காமல் அழுத்த வேண்டும், இடையில் எட்டிப் பார்க்கக் கூடாது. கை, காலில் பீறிட்டால் டூர்னிகே என்கிற இறுக்குப் பட்டை. காயத்துக்கு நாலைந்து விரல் மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நிற்கும் வரை இறுக்குங்கள். அது வலிக்கும், வலிக்கத்தான் செய்யும். இல்லாதபோது அகலத் துணியும் ஒரு குச்சியும் வைத்து முறுக்கலாம். கம்பி, மெல்லிய கயிறு எதுவும் கூடாது, அது தசையை அறுத்துவிடும். கட்டிய நேரத்தை மார்க்கர் பேனாவால் நெற்றியிலோ கட்டின் மேலோ எழுதுங்கள். எழுதாமல் அனுப்பினால் அங்கே இருக்கிற அறுவை மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. இரண்டு மணி நேரத்துக்குள் அவரிடம் போய்ச் சேர்வதே குறிக்கோள். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்க வேண்டாம். வெளியே வந்த குடலை உள்ளே தள்ள வேண்டாம், சுத்தமான ஈரத் துணியால் மூடி அனுப்புங்கள்.

புதிதாகப் போகிறவர்கள் அடிக்கடி சறுக்குவது தையலில். வழக்கமான மருத்துவமனையில் வெட்டுக் காயத்தைக் கழுவித் தைத்துப் பழகிய கை, குண்டுச் சில்லுக் காயத்தையும் தைத்துவிடும். வெளியே ஒரு சின்ன ஓட்டை, உள்ளே செத்த தசை, சட்டைத் துணுக்கு, மண், அத்தனையும் ஒரு பைக்குள் போட்டுக் கட்டியது போல ஆகி, சில நாளில் சீழும் காய்ச்சலுமாக வந்து நிற்கும். செஞ்சிலுவை அறுவை மருத்துவர்கள் பல போர்களில் கற்றுக்கொண்ட முறை எளிது: நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, செத்த தசையை வெட்டி எடுத்து, காயத்தைத் திறந்தே விட்டு, உலர்ந்த காஸை மொத்தமாக வைத்துக் கட்டு. டெட்டனஸ் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் உண்டு. நாலைந்து நாள் கழித்து, சுத்தமாக இருந்தால், அப்போது தைக்கலாம். நடுவில் காய்ச்சலோ துர்நாற்றமோ இல்லாத வரை தினமும் கட்டைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை.

காயமே இல்லாதவர்களின் வரிசை

காயமில்லாத நோயாளிகளைப் பற்றி ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நன்கொடை கொடுப்பவர்கள் கண்ணுக்குப் படுவது அறுவை அரங்குதான். நீண்டு போகும் போரில் சத்தமில்லாமல் உயிர் போவது வயிற்றுப்போக்கு, தட்டம்மை, நிமோனியா, நடுவில் நின்றுபோன சர்க்கரை நோய் மருந்து, ஆள் துணையில்லாத பிரசவம் இவற்றால். ஒரு நாளைக்கு பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு மேல் இறந்தால் நெருக்கடி என்பது இந்தத் துறையில் நெடுநாளாக வைத்திருக்கும் அளவுகோல். ஆகவே முகாமில் இறப்பைக் கணக்கெடுக்க ஒருவரை முதல் வாரத்திலேயே அமர்த்துங்கள். புதைகுழி தோண்டுகிறவரிடம் விசாரிப்பதும் இதில் சேர்த்தி.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது நிவாரண அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய ஸ்பியர் கையேடு சொல்லும் குறைந்தபட்சம். மருத்துவரின் வேலை இல்லை என்று பொறியாளர் தலையில் கட்டிவிட்டு உட்காராதீர்கள், அவரோடு சேர்ந்து நச்சரியுங்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பாக்கெட் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, ஆகவே அம்மாக்களை வைத்தே ஒரு தடவை அளந்து கலக்கச் சொல்லிப் பாருங்கள். வயிற்றுப்போக்கு கலங்கிய அரிசிக் கஞ்சித் தண்ணீர் மாதிரி நிற்காமல் போனால் காலராவாக நினைத்தே நடத்துங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருந்தால் சில மணி நேரத்தில் ஆள் போய்விடுவார்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் மேல்கைச் சுற்றளவை அளக்கும் நாடா ஒன்று போதும்: 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றாலோ, இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ கடும் ஊட்டச்சத்துக் குறைவு. ஜனங்கள் நெருக்கியடித்துத் தங்கிய இடத்தில் தட்டம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம், ஒரு குழந்தைக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பால் பவுடர் டின்களை லாரியில் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அழுக்குத் தண்ணீரில் கலக்கும் பவுடர் குழந்தையைக் கொல்லும். தாய்ப்பால் கொடுக்கிறவளுக்குச் சாப்பாடு கொடுங்கள். தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத குழந்தைக்கு மட்டும் மருத்துவக் கண்காணிப்பில் தரலாம்.

மருந்து நன்கொடைக்கும் இதே கண்டிப்பு வேண்டும். காலாவதிக்கு இன்னும் ஒரு வருடமாவது மீதி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வீட்டில் மீந்துபோன மாத்திரைகளைப் பையில் கொட்டி அனுப்பினால், அதைப் பிரித்து அடுக்க இரண்டு செவிலியர்கள் நோயாளியை விட்டுவிட்டு உட்கார வேண்டும். பணமாகக் கொடுங்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர் வந்தால் தனி அறை, கூடுமானால் பெண் மருத்துவர். எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள், அவசரக் கருத்தடை மாத்திரை 120 மணி நேரத்துக்குள். போலீஸ் புகார் இருந்தால்தான் சிகிச்சை என்று எந்தக் கட்டத்திலும் சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லச் சொல்லித் தோண்டவும் வேண்டாம், சொன்னால் கேளுங்கள். மனம் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இதுவே பொருந்தும்.

பதிவேடு வைக்க வேண்டும், ஆனால் அது ஆளைக் கொல்லவும் செய்யும். குண்டடிபட்டு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு தரப்பு கைப்பற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். பெயருக்குப் பதில் எண், எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் வேறொரு இடத்தில் பூட்டி. நோயாளியின் முகம் தெரியும் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவது, பின்னால் இருக்கும் சுவரும் ஜன்னலும் தெரிகிற மாதிரி செல்ஃபி எடுப்பது, இரண்டும் குழுவில் தடை. மருத்துவப் பணியாளர் யாராவது எந்தப் படை எந்தத் தெருவில் நிற்கிறது என்று போனில் பேசினாலே, மொத்தக் குழுவும் உளவாளிப் பட்டம் வாங்கும்.

கடைசியாக, வெளியேறும் திட்டத்தை உள்ளே நுழைந்த அன்றே எழுதி வையுங்கள். எந்த நிலை வந்தால் கிளம்புவோம், யார் முடிவெடுப்பார், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எந்த வண்டியில், வண்டி போதாவிட்டால் அவர்களோடு யார் தங்குவது. தங்குவதாக ஒப்புக்கொள்கிறவர் தானாக முன்வந்தவராக இருக்கட்டும். வெளிநாட்டுக் குழு ஹெலிகாப்டரில் ஏறிவிட்டு உள்ளூர் செவிலியர்களையும் டிரைவர்களையும் விட்டுப் போவது இந்தத் துறையின் பழைய அவலம். அவர்களுக்கு எத்தனை மாதச் சம்பளம் முன்பணமாகத் தருவது, குடும்பத்தை எங்கே நகர்த்துவது என்பதும் அந்தக் காகிதத்தில் வர வேண்டும். இன்சுலின், வலிப்பு, காசநோய் மருந்து எடுத்துக்கொள்கிறவர்கள் கையில் சில வாரத்துக்காவது மருந்தும், என்ன அளவு என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதிய சீட்டும் முன்கூட்டியே இருக்கட்டும். ஜெனரேட்டர் சாவியும் மருந்து அறைச் சாவியும் யாரிடம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.